ஒஸ்டினுக்கு அடியில்

காளியப்பனின் அடையாள அட்டை தொலைந்துபோகவில்லை. வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். முகத்துவாரத்துக்குப் போகும் வழியில் ஒரு சோதனைச் சாவடியில் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்த ஒருவர், நாளைக்கு வந்து எடுத்துக்கொள் என்று தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். மறுநாள் போனால் அந்த ஆள் இல்லை. நின்றவர்களுக்கு அப்படி ஒரு அட்டையைப் பற்றியே தெரியவில்லை. மேலும் கேட்டால் ஆளையும் வைத்துக்கொள்வார்கள் என்று பட்டது. திரும்பி வந்து, கொட்டாஞ்சேனையில் டோரின் வீட்டுப் பின்னறைக்குள் நுழைந்தவன்தான். மாதங்கள் போயும் கேற்றுக்கு வெளியே ஒரு கால் வைக்கவில்லை.

அவன் தலவாக்கலைப் பக்கத்துத் தோட்டத்து ஆள். தோட்டத்து லொறியில் கிளீனராக ஏறி, அதிலேயே ஓட்டப் பழகி, கொழும்புக்கு இறங்கியவன். டோரின் வீட்டில் சமைத்துப் புதுக்கடைக்குச் சோற்றுப் பார்சல் அனுப்பிக்கொண்டிருந்தாள். கோர்ட்டில் வேலை செய்யும் கிளார்க்குகளும் சின்ன லோயர்மாரும் அவள் கையால்தான் மத்தியானம் சாப்பிட்டார்கள். புருஷன் சரக்குக் கப்பலில். வருடத்தில் ஒரு மாதம் வீட்டில் இருந்தால் அதிகம். அவர் விட்டுப்போன பழைய ஒஸ்டின் காரில் பார்சல்களை ஏற்றிக்கொண்டு போய்க் கொடுத்துவருவதுதான் காளியப்பனின் வேலை.

அவன் உள்ளே அடைபட்ட பிறகு டோரினே காரை எடுக்கத் தொடங்கினாள். கலியாணத்துக்கு முன்பே லைசென்ஸ் எடுத்தவள்தான், ஆனால் கிளச்சையும் பிரேக்கையும் அவள் கால் இன்னமும் சந்தேகத்தோடுதான் மிதித்தது. ஒரு சனிக்கிழமை, சாவடிக்கு முன்னால் வேகத்தைக் குறைக்கப் போட்டிருந்த சீமெந்து மேட்டில் காரை அப்படியே ஏற்றி இறக்கினாள். அடியில் ஏதோ இடித்த சத்தம் கேட்டது. கார் ஓடியது, அவளும் அதை மறந்துவிட்டாள்.

மறுநாள் பூசைக்குப் போக வெளிக்கிட்டு வந்தவள் வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"காளி, இங்க வந்து பார். கார் மூத்திரம் பெய்ஞ்சு வச்சிருக்கு."

வீட்டுச் சுவருக்கும் மதிலுக்கும் நடுவில் இருந்த ஒடுங்கிய சீமெந்து வழிதான் காருக்கு இடம். நிறுத்தினால் இரண்டு பக்கமும் ஒரு ஆள் சாய்ந்து நடக்கலாம், அவ்வளவுதான். எஞ்சினுக்கு நேர் கீழே கறுப்பு ஒயில் தேங்கி, சரிவில் கேற் வரைக்கும் ஒரு கோடாக ஓடியிருந்தது. காளியப்பன் படுத்துத் தலையை உள்ளே விட்டுப் பார்த்தான்.

"சம்ப் அடிவாங்கிருக்குங்க அக்கா. எஞ்சின் ஒயில் தங்குற தட்டு இருக்குல்ல, அதுல கீறல் விழுந்திருக்கு. இப்பிடியே ஓட்டுனீங்கன்னா எஞ்சின் இறுகிரும்."

"அப்ப மாளிகாவத்தையில பௌஸிட கராஜில விடுவமா?"

"அங்க விட்டா ஒரு கெழமை ஆகும். நானே ஒட்டிர்றேங்க. சாமான மட்டும் வாங்கிட்டு வாங்க."

பௌஸியின் கராஜில் அதை இரண்டு நாளில் முடித்துக் கொடுத்திருப்பார்கள். அது காளியப்பனுக்கும் தெரியும். ஆனால் இத்தனை நாளும் அவன் வெங்காயம் உரித்தான், தேங்காய் துருவினான், பார்சல் கட்ட வைத்திருந்த பழைய பேப்பர்களை எல்லாம் ஒன்று விடாமல் படித்துமுடித்தான். கேற் தட்டும் சத்தம் கேட்டால் பின்னால் ஓடி, குளியலறைக்கு மேலே தண்ணீர்த் தாங்கி இருக்கும் பொந்தில் ஏறிக் குந்திக்கொண்டான். கைக்கு ஒழுங்கான ஒரு வேலை வந்திருக்கும்போது அதை இன்னொருவனுக்குக் கொடுக்க அவனுக்கு மனம் வரவில்லை.

பூசை முடிந்து வரும்போது டோரின் திறந்திருந்த ஒரு ஹார்ட்வெயார் கடையில் எபொக்ஸிப் பசை வாங்கிவந்தாள். மெழுகுதிரி போல இரண்டு குச்சிகள். ஒன்று வெள்ளை, ஒன்று கறுப்பு. இரண்டையும் சேர்த்துப் பிசைந்தால் சாம்பல் நிறத்தில் புட்டுமா மாதிரி வரும், கொஞ்ச நேரத்தில் கல்லாகிவிடும்.

காளியப்பன் காரின் முன்பக்கத்தை ஜெக்கில் தூக்கினான். ஜெக் பழையது. நம்பிக்கை இல்லாமல், ஸ்பெயார் சில்லைக் கழற்றிக் காருக்கு அடியில் பக்கவாட்டில் படுக்கையாகத் தள்ளி வைத்தான். மிச்ச ஒயிலை ஒரு பழைய பேசினில் வடித்தெடுத்தான். அடியில் இருட்டாக இருந்ததால் குசினி ஜன்னல் வழியாக வயர் இழுத்து ஒரு பல்பை உள்ளே கொண்டுபோனான். கீறலைச் சுற்றி ஸான்ட் பேப்பரால் தேய்த்து, சோடாப் போத்தலில் இருந்த பெற்றோலைத் துணியில் நனைத்துத் துடைத்தான். ஒரு சொட்டு எண்ணெய் இருந்தாலும் பசை பிடிக்காது. எல்லாம் சரியாக வந்ததும் மல்லாந்து படுத்தபடியே பசையைப் பிசைந்து, கீறலில் அப்பி, பெருவிரலால் அழுத்திப் பிடித்தான். பசை விரலுக்குக் கீழே மெல்லச் சூடேறியது. அந்த நேரம் அவனுக்கு மனம் கொஞ்சம் இலேசாகக்கூட இருந்தது.

அப்போதுதான் கேற்றில் தட்டினார்கள்.

ஞாயிறு காலையில் சோதனைக்கு வருவார்கள் என்று யாரும் நினைக்கவில்லை. ஒழுங்கையின் இரண்டு முனையையும் மறித்துவிட்டு வீடு வீடாக வந்திருக்கிறார்கள். எழுந்து பின்பக்கம் ஓட நேரமில்லை. காளியப்பன் வெளியே நீட்டியிருந்த கால்களை மடக்கி உள்ளே இழுத்துக்கொண்டான்.

டோரின் பூசைக்குக் கட்டிய சேலையோடு போய்க் கேற்றைத் திறந்தாள். ஒரு சாஜன்ட், கூட இரண்டு இளம் பொலிஸ்காரர்கள். வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்று சாஜன்ட் சிங்களத்தில் கேட்டார். தான் மட்டும்தான், புருஷன் கப்பலில் என்று டோரின் சிங்களத்திலேயே சொன்னாள். அவள் குரல் வழக்கத்தைவிடக் கொஞ்சம் உயர்ந்திருந்தது. அது அவளைத் தெரிந்த காளியப்பனுக்கு மட்டும்தான் விளங்கியிருக்கும்.

சப்பாத்துகள் காரைக் கடந்து போயின. காளியப்பன் மூச்சை அடக்கிக்கொண்டான். கடைசியாக வந்த சப்பாத்து சோடி நின்றது. ஜன்னலிலிருந்து இறங்கிக் காருக்கு அடியில் போகும் வயரை அந்தப் பொடியன் பார்த்துவிட்டான். குனிந்தான். ஒரு டோர்ச் வெளிச்சம் நேராகக் காளியப்பனின் முகத்தில் அடித்தது.

அந்த வெளிச்சத்தில் பொலிஸ்காரன் என்னத்தைக் கண்டிருப்பான் என்பது காளியப்பனுக்கு அந்தக் கணமே விளங்கிவிட்டது. ஒளிந்து கிடக்கும் ஒரு தமிழன். பக்கத்தில் ஒரு போத்தல் பெற்றோல். வீட்டுக்குள்ளிருந்து வரும் வயர். காரின் அடியில் அவன் ஒட்டிக்கொண்டிருக்கும் சாம்பல் நிற உருண்டை.

"சேர்! யட்ட மினிஹெக் இன்னவா!"

அடியில் ஒரு ஆள் என்று அவன் போட்ட கத்தலில் சாஜன்ட் வீட்டுக்குள்ளிருந்து ஓடிவந்தார். துப்பாக்கிகள் லோட் பண்ணப்படும் சத்தம் மதிலுக்கும் சுவருக்கும் இடையில் எதிரொலித்தது. ஹெலவென்ட எப்பா, ஹெலவென்ட எப்பா என்று சாஜன்ட் கத்திக்கொண்டே பின்வாங்கினார். அசையாதே. காளியப்பனுக்குக் கடைத்தெருச் சிங்களம் நன்றாகவே வரும். ஆனால் சம்ப், கீறல், பசை என்று சொல்வதற்கு வாயைத் திறந்தால் காற்றுத்தான் வந்தது.

"அது பசை! கார் சம்ப ஒட்டுறான்! ஹார்ட்வெயார் கடையில நான்தான் வாங்கினது!"

டோரின் இரண்டு பாஷையிலும் மாறி மாறிக் கத்தினாள். ஆனால் வீட்டில் யாரும் இல்லை என்று சற்று முன்னால் சொன்னதும் அவள்தானே. ஒருவன் அவளைக் கையில் பிடித்து வெளியே இழுத்துக்கொண்டு போனான். சப்பாத்துச் சத்தங்கள் தூரப் போயின. கேற் திறந்தபடி கிடந்தது. பிறகு ஒழுங்கை முழுதும் ஆட்கள் வெளியேறும் சத்தம். பிள்ளைகளைக் கூப்பிடுகிறார்கள், கதவு அடிபடுகிறது, யாரோ ஒரு கிழவர் செருப்பு எங்கே என்று கேட்கிறார். அதுவும் அடங்கியது. யாருடைய வீட்டிலோ அணைக்காமல் விட்டுப்போன ரேடியோ மட்டும் பாடிக்கொண்டிருந்தது.

குண்டு பிரிக்கும் ஆட்கள் வரும்வரை அவன் அப்படியே கிடக்க வேண்டும். எழுந்தால் சுடுவார்கள். கையை எடுத்தாலும் சுடக்கூடும். கேற்றுக்கு வெளியே மதில் ஓரத்தில் எங்கோ ஒரு துப்பாக்கி தன் காலைப் பார்த்துக்கொண்டிருக்கும் என்று காளியப்பன் நினைத்தான். பசை எப்போதோ இறுகிவிட்டது. இனி அழுத்தத் தேவையில்லை. ஆனாலும் அவன் விரலை எடுக்கவில்லை. தோள்மூட்டு எரிந்தது, பிறகு மரத்தது, பிறகு அந்தக் கை தன்னுடையது போலவே இல்லை.

அவனுக்கு ராக்கம்மாவின் நினைப்பு வந்தது. அவன் பின்னறைக்குள் அடைபட்ட பிறகுதான் தோட்டத்தில் அவளுக்குப் பிள்ளை பிறந்தது. பெண்பிள்ளை. லயத்து வீடுகளுக்குப் பக்கத்துக் கடைக்கு டெலிபோன் எடுத்தபோது பிள்ளையை ரிசீவரில் வைத்து அழவிட்டாள். அவன் கேட்டது அவ்வளவுதான். அட்டை இல்லாமல் ரயில் ஏற முடியாது, பஸ் ஏறினால் வழியெல்லாம் சாவடி. வீட்டுக்குள் அடைபட்டுக் கிடந்ததையே பெரிய கஷ்டமாக நினைத்தோமே, அந்த அறை எவ்வளவு அகலமாக இருந்தது என்று இப்போது தோன்றியது.

தலைமாட்டில் கிரீச் என்று ஒரு சின்னச் சத்தம் கேட்டது.

முதலில் அவனுக்குப் பிடிபடவில்லை. இரண்டாம் முறை கேட்டபோது கண்ணை மட்டும் திருப்பிப் பார்த்தான். ஜெக்கின் அடி ஒயில் பட்ட சீமெந்தில் வழுக்கிக்கொண்டிருந்தது. எவ்வளவு துடைத்தும் போகாத ஒயில். ஜெக் ஒரு நகம் அளவு நகர்ந்து நின்றது. பிறகு இன்னொரு நகம்.

கத்தினால் ஓடிவந்து சுடுவார்கள். கத்தாவிட்டால் கார் விழும். எதைச் செய்வது என்று முடிவெடுக்கும் முன்னரே ஜெக் பறந்து சுவரில் மோதியது. கார் இறங்கியது. ஸ்பெயார் சில்லு ஒரு பக்கத்தைத் தாங்கிக்கொண்டது. மறுபக்கம் சரிந்து வந்து இரும்பு அவன் நெஞ்சின் மேல் உட்கார்ந்தது. எலும்பு நொறுங்கவில்லை. ஆனால் உள்ளே இழுக்கும் மூச்சுக்கு இடம் போதவில்லை. கை சம்புக்கும் முகத்துக்கும் நடுவில் அகப்பட்டுக்கொண்டது. பல்ப் உடைந்து இருட்டானது.

சத்தம் கேட்டு ஒழுங்கை முனையில் எல்லோரும் தரையில் விழுந்து படுத்தார்களாம். வெடிக்கவில்லை என்று தெரிந்ததும் ஒவ்வொருவராகத் தலையைத் தூக்கினார்கள். முதலில் எழுந்து நின்றவள் டோரின். மறித்துக் கட்டியிருந்த கயிற்றைத் தூக்கிக் குனிந்து உள்ளே வந்துவிட்டாள். நில், சுடுவோம் என்று பின்னால் சாஜன்ட் கத்துவது காளியப்பனுக்குக் கேட்டது.

"நோனா! நவத்தின்ட! அப்பி வெடி தியனவா!"

"வெடி தியன்ட ஓன நங் தியன்ட!"

சுடுவதென்றால் சுடுங்கள் என்று டோரின் திருப்பிக் கத்தினாள். அவள் குரல் நெருங்கி வந்தது. ஓடவில்லை. கனத்த உடம்புக்காரி, எப்போதும் நடக்கும் அதே நடையில் செருப்பு அடிபட நடந்துவந்தாள். யாரும் சுடவில்லை.

கார்ப் பக்கத்தில் சேலை உரசும் சத்தம். அவள் முட்டுக்காலில் இறங்கி, பிறகு படுத்து, தலையையும் தோளையும் காருக்கு அடியில் நுழைத்தாள்.

"காளி. மூச்சு விடுறியா?"

"கொஞ்சமாத்தான் வருதுங்க. நீங்க... போயிருங்கக்கா."

"வாய மூடு. எங்க நெரிக்குது?"

"நெஞ்சுல."

அவள் கையால் தடவிப் பார்த்தாள். காரைத் தூக்க அவளால் முடியாது. ஸ்பெயார் சில்லு நகராமல் இருக்க, தன் முதுகை அதற்கு முண்டு கொடுத்து அப்படியே படுத்துக்கொண்டாள். பிறகு இருட்டில் தேடி, அகப்படாமல் இருந்த அவனுடைய இடது கையைப் பிடித்தாள். விட்டுவிடுவாள் என்று அவன் நினைத்தான். விடவில்லை.

"அக்கா, சுட்டுருவானுங்க."

"சுட்டா ரெண்டு பேரையும் சுடட்டும். இப்ப கதைக்காத, மூச்ச மட்டும் விடு. நான் கதைக்கிறன்." அவளுக்கு என்ன கதைப்பது என்று தெரியவில்லை. "நாளைக்கு என்ன சமைக்கிறது? சூரை மீன் கிடைச்சா மீன். பருப்பு வைப்பம். பீற்றூட் வேணாம், போன கிழமையும் பீற்றூட் எண்டு அந்த முத்துலிங்கம் கிளார்க் முகத்தச் சுழிச்சவர். கத்தரிக்கா பிரட்டுவம். அப்பளம் பொரிக்க வேணும், உளுந்தப்பளம் முடிஞ்சு போச்சு..."

அவன் அதையே பிடித்துக்கொண்டு மூச்சு விட்டான். பருப்பு என்றால் உள்ளே, கத்தரிக்காய் என்றால் வெளியே. நடுவில் ஒருமுறை அவளுக்கு அழுகை வந்து சொல் உடைந்தது. மூக்கை உறிஞ்சிவிட்டுப் புளியைப் பற்றித் தொடர்ந்தாள்.

எவ்வளவு நேரம் போனதோ, ஒரே ஒரு ஆளின் நடைச் சத்தம் வந்தது. கனமான அங்கியும் தலைக்கவசமும் போட்ட, குண்டு பிரிக்கும் இராணுவ அதிகாரி. முப்பது வயதுகூட இருக்காது. அவன் குந்தி உட்கார்ந்து முதலில் பார்த்தது பசையை அல்ல, டோரினின் முகத்தை.

"அம்மா, ஏன் இங்க?" உடைந்த தமிழில் கேட்டான்.

டோரின் சிங்களத்தில் எல்லாவற்றையும் சொன்னாள். சீமெந்து மேட்டிலிருந்து தொடங்கினாள். அவன் இடையில் குறுக்கிடவில்லை. பசை சுற்றிவந்த கடதாசி தரையில் கிடந்தது. எடுத்து வாசித்தான். பேசினில் இருந்த ஒயிலை விரலால் தொட்டு முகர்ந்தான். வயரைக் கையில் பிடித்துக்கொண்டே குசினி ஜன்னல் வரை போய்ப் பிளக்கைப் பார்த்துவிட்டு வந்தான். பிறகு முழுதாகப் படுத்து, ஒரு நீண்ட ஸ்குரூட்ரைவரால் சம்பில் ஒட்டியிருந்த கட்டியை மெல்லத் தட்டினான். கல்லில் தட்டியது போலக் கேட்டது. இன்னொருமுறை தட்டினான்.

எழுந்து கேற்றைப் பார்த்து ஏதோ கூப்பிட்டான். சப்பாத்துகள் ஓடிவந்தன. சற்று முன்னால் காளியப்பனைக் குறிபார்த்துக்கொண்டு நின்றவர்களே பம்பரில் கை கொடுத்து ஒரே மூச்சில் காரைத் தூக்கினார்கள். டோரினை முதலில் எடுத்தார்கள். பிறகு காளியப்பனைக் காலைப் பிடித்து வெளியே இழுத்தார்கள். வெளிச்சம் கண்ணில் குத்தியது. முதல் முழு மூச்சை இழுத்தபோது நெஞ்சுக்குள் கத்தி போட்டதுபோல இருந்தது. அதைக்கூட அவன் இன்னொருமுறை இழுத்துப் பார்த்தான்.

குண்டுக்காரன் தலைக்கவசத்தைக் கழற்றினான். வியர்வையில் குளித்திருந்தான். "இனி கராஜுக்குப் போ" என்று தமிழில் சொல்லிவிட்டுப் போய்விட்டான்.

சாஜன்ட் போகவில்லை. காளியப்பன் எழுந்து உட்காரும்வரை பொறுத்திருந்து கையை நீட்டினார்.

"ஐடென்டிட்டி?"

காளியப்பன் தலையைக் குனிந்துகொண்டான்.

அவனை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனார்கள். ஏற்றும்போது டோரின் ஒழுங்கையில் நின்றிருந்தாள். பூசைச் சேலையின் முதுகுப்பக்கம் முழுக்க ஒயில். அக்கம்பக்கத்து ஆட்கள் தங்கள் வீடுகளுக்குத் திரும்பிக்கொண்டிருந்தார்கள். யாரும் அவளைப் பார்க்காததுபோலப் போனார்கள்.

நிலையத்தில் அவனை அடிக்கவில்லை. நிறையப் பேர் இருந்த ஒரு அறையில் போட்டார்கள். படுக்க முறைவைத்துக்கொள்ள வேண்டியிருந்தது. காருக்கு அடியில் கிடந்த கதையை அவன் யாருக்கும் சொல்லவில்லை. அங்கிருந்த ஒவ்வொருவரிடமும் அதுபோல ஒன்று இருந்தது.

டோரின் திங்கட்கிழமை சமைக்கவில்லை. புதுக்கடைக்குப் போய், பீற்றூட்டுக்கு முகம் சுழிக்கும் அதே முத்துலிங்கத்தைப் பிடித்தாள். அவர் தன்னுடைய லோயரைப் பிடித்தார். அந்த லோயர் நிலையத்துக்கு வந்து, அட்டை எப்படிப் போனது என்பதையும் ஞாயிற்றுக்கிழமை நடந்ததையும் பொறுமையாகச் சொன்னார். குண்டுக்காரன் எழுதிக் கொடுத்த அறிக்கையும் உதவியது. புதன்கிழமை காலை அவனை விட்டார்கள். புது அட்டை வரும்வரை டோரினின் விலாசத்தில்தான் இருக்க வேண்டும், ஒவ்வொரு ஞாயிறும் வந்து கையெழுத்து வைக்க வேண்டும், கொழும்பை விட்டு வெளியே போகக் கூடாது. தோட்டத்துக்கு ஒரேயொரு நாள் போய் வரலாமா என்று அவன் கேட்டான். மேசைக்குப் பின்னால் இருந்தவர் தலையைத் தூக்காமலே இல்லை என்றார்.

சம்பில் பசை பிடித்திருந்தது, டோரின் புது ஒயில் ஊற்றிக் காரோடு வந்திருந்தாள். அவன் முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தான். வெகுநாளைக்குப் பிறகு தெரு. கடைகள், பஸ், குடையோடு போகும் பள்ளிக்கூடத்து டீச்சர்கள் எல்லாம் அதே இடத்தில் இருந்தார்கள். அவனுக்குத்தான் எதையும் நிமிர்ந்து பார்க்கத் தைரியம் வரவில்லை.

சாவடிக்கு முன்னால் வாகனங்கள் வரிசையாக நின்றன. டோரின் எஞ்சினை அணைத்தாள். வெயில் காருக்குள் இறங்கியது. இரண்டு பக்கமும் லொறிகள், கதவைத் திறக்கக்கூட இடமில்லை.

"ஜெக் வழுக்கேக்க நீ ஏன் கத்தயில்ல?" என்று டோரின் கேட்டாள்.

"கத்துனா சுட்டுருவாங்கன்னு நெனச்சேன்." பிறகு அவன் கேட்டான். "நீங்க ஏங்க உள்ள வந்தீங்க? அது குண்டில்லன்னு அவனுங்களுக்குத் தெரியாதே. சுட்டிருந்தா?"

டோரின் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி முன்னால் நின்ற லொறியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அந்த முனையில நிக்க ஏலாமப் போச்சு காளி. சனம் எல்லாம் உன்னப் பத்திக் கதைக்குது. நல்ல பொடியன் எண்டு ஒராள், எப்பவும் சந்தேகம்தான் எண்டு இன்னொராள். இருந்தான், செய்தான், அப்பிடித்தான் கதைக்கிறாங்க. நீ உயிரோட இருக்கேக்கயே."

காளியப்பன் நெஞ்சில் வலித்த இடத்தை உள்ளங்கையால் அழுத்திக்கொண்டான். ராக்கம்மாவைப் பிள்ளையோடு கொழும்புக்கு வரச்சொல்லலாமா என்று கேட்க நினைத்தான். அவளிடம் அட்டை இருக்கிறது. ஆனால் பச்சைப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு இத்தனை சாவடியும் அவள் இறங்கி இறங்கி ஏற வேண்டும். கேட்காமலே விட்டான்.

முன்னால் நின்ற லொறி உறுமிக்கொண்டு ஒரு வண்டி நீளம் நகர்ந்தது. டோரின் சாவியைத் திருகி, கிளச்சை மிதித்து, காரை அந்த இடைவெளிக்குள் கொண்டுபோய் மறுபடியும் நிறுத்தினாள்.